பந்துவீச்சு வேணும், பாலு வேணாமா?

கிரிக்கெட் என்றதும் நமக்கு டெண்டுல்கர், தோனி, கோஹ்லி என்றுதான் ஞாபகம் வரும். இவர்களுக்கெல்லாம் ரொம்ப முந்தி, இந்தியாவுக்கு டெஸ்ட் அணியே இல்லாத காலத்தில் ஒருத்தர் இருந்தார். பெயர் பல்வங்கர் பாலு. இடது கைச் சுழற்பந்து வீச்சாளர். இந்து இளைஞர்களான நாம் இவரைக் கண்டிப்பாத் தெரிஞ்சிக்கணும். ஏன்னு கடைசியில் சொல்றேன்.

பாலு 1870களின் நடுவில் தார்வாடில் பிறந்தார். தோல் வேலை செய்யும் சாமார் சமூகம். தொட்டாலே தீட்டு என்று மற்றவர்கள் ஒதுக்கி வைத்த சாதி. அப்பா ராணுவத்தில் இருந்தார். இளம் வயதில் பாலுவுக்குப் பூனாவில் பார்சிக்காரர்களின் கிரிக்கெட் கிளப்பில் வேலை கிடைத்தது. ஆடுற வேலை இல்ல. திடலைக் கூட்டி உருளை இழுக்கிற வேலை. சம்பளம் மாதம் 3 ரூபாய். அப்புறம் வெள்ளைக்காரர்களின் கிளப்புக்குப் போனார். அங்கே 4 ரூபாய்.

அந்தக் கிளப்பில் துரைமார்கள் மட்டை பிடித்துப் பயிற்சி செய்வார்கள். பாலு மணிக்கணக்காகப் பந்து வீசுவார். கிரெய்க் என்ற ஆட்டக்காரர், தன்னை அவுட் ஆக்கும் ஒவ்வொரு தடவையும் எட்டணா கொடுத்தார் என்று ஒரு கதை உண்டு. ஆனால் பாலு கையில் ஒரு நாளும் மட்டையைக் கொடுக்கவில்லை. மட்டை பிடிப்பது துரைமார் வேலை, பந்து போடுவது வேலைக்காரன் வேலை. அந்த வேலையிலேயே பாலு கெட்டிக்காரர் ஆனார்.

பூனாவில் இருந்த இந்து கிளப்புக்கு வெள்ளைக்காரர்களைத் தோற்கடிக்க ஆசை. அதற்கு பாலு வேணும். ஆனால் அவர் சாதி? பெரிய வாக்குவாதம் நடந்தது. கடைசியில் சேர்த்துக்கொண்டார்கள். பாலு தொட்ட பந்தை எல்லாரும் தொட்டார்கள். தேநீர் இடைவேளை வந்தால் மற்றவர்கள் மண்டபத்துக்குள்ளே பீங்கான் கோப்பையில் குடிப்பார்கள். பாலுவுக்கு வெளியே, மண் குவளையில். சாப்பாடும் தனியாகத்தான். கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. அஞ்சு விக்கெட் எடுத்துட்டு வர்ற ஆளு தனியா வெளியே உட்கார்ந்து டீ குடிக்கிறார்!

நீதிபதி ரானடே போன்ற சீர்திருத்தக்காரர்கள் இதைக் கண்டித்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாக நிலைமை மாறியது. பாலு பம்பாய்க்கு வந்து, ரயில்வேயில் வேலை பார்த்துக்கொண்டே இந்து ஜிம்கானா அணிக்காக ஆடினார். 1906-இல் இந்து அணி வெள்ளையர் அணியை 109 ரன் வித்தியாசத்தில் வென்றது. அந்த ஆட்டத்தில் பாலு எடுத்தது 8 விக்கெட். அவர் தம்பி சிவராமும் அதே அணியில் ஆடினார்.

1911-இல் பாட்டியாலா மகாராஜா தலைமையில் அகில இந்திய அணி இங்கிலாந்து போனது. அணி நிறைய ஆட்டங்களில் தோற்றது. ஆனால் பாலு மட்டும் அந்தப் பயணத்தில் 100 விக்கெட்டுக்கு மேல் எடுத்துவிட்டார். முதல்தர ஆட்டங்கள் மொத்தம் 33 தான் ஆடியிருக்கிறார். அதில் 179 விக்கெட், சராசரி 15 ரன். இன்றைக்கும் யாரும் பெருமைப்படக்கூடிய கணக்கு அது.

சரி, இப்படிப்பட்டவர் கேப்டன் ஆகியிருக்கணும் இல்லையா? ஆகவே இல்லை. ஆண்டுக்கு ஆண்டு உயர்சாதிக்காரர் ஒருவர்தான் கேப்டன். 1920-இல் பாலுவை அணியிலிருந்தே எடுத்துவிட்டார்கள். தம்பிகள் சிவராமுக்கும் விட்டலுக்கும் கிடைக்க வேண்டிய தலைமையும் வேறொருவருக்குப் போனது. இரண்டு பேரும் ஆட மாட்டோம் என்று விலகினார்கள். ஊரே பேசியது. அதன் பிறகுதான் பாலுவைத் துணைக் கேப்டனாகக் கூப்பிட்டார்கள். அந்த ஆட்டத்தில் கேப்டன் பாய் கொஞ்ச நேரம் திடலை விட்டு வெளியே போக, அந்த நேரம் மட்டும் பாலு அணியை நடத்தினார். 1923-இல் விட்டல் முறையாகவே கேப்டன் ஆனார். அண்ணனுக்குக் கிடைக்காதது தம்பிக்குக் கிடைத்தது.

பிறகு பாலு அரசியலுக்கு வந்தார். 1932-இல் பூனா ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். நம் தமிழர்களான எம்.சி. ராஜா, இரட்டைமலை சீனிவாசன் ஆகியோரின் கையெழுத்தும் அதில் உண்டு. 1937 பம்பாய்த் தேர்தலில் காங்கிரஸ் சார்பில் அம்பேத்கரை எதிர்த்து நின்று தோற்றார். இந்து சமுதாயம் தானாக மாறும் என்று பாலு நம்பினார். அம்பேத்கர் அந்த நம்பிக்கையை இழந்துவிட்டார். 1955-இல் பாலு காலமானார். அடுத்த ஆண்டே அம்பேத்கர் பல லட்சம் பேரோடு புத்த மதத்துக்குப் போனார்.

இதை ஏன் சொல்றேன்னா, போன வருஷம் ஒரு கோயில் நிகழ்ச்சிக்கு நண்பர்களோடு தொண்டு செய்யப் போனேன். காலையிலிருந்து பாத்திரம் கழுவி, பந்தி பரிமாறினோம். சாயங்காலம் ஒரு பெரியவர் என் நண்பனைப் பக்கத்தில் கூப்பிட்டு, அவன் என்ன ஆளுங்க என்று மெதுவாக விசாரித்தார். அவன் சிரிச்சு மழுப்பிட்டான். நானும் பக்கத்தில் சும்மா நின்னேன். அதை நினைச்சா எனக்கு இன்னும் வெட்கமா இருக்கு.

அன்னதானத்தில் ஒரே பந்தியில் உட்காருவதை நாம் பழகிவிட்டோம். பாலுவுக்கும் தேநீர்ப் பிரச்சனை சீக்கிரமே தீர்ந்தது. தீராமல் போனது தலைமைதான். வேலைக்கு எல்லாரும் வேணும், தலைவர் பதவி என்று வரும்போது மட்டும் சாதி பார்க்கிறோம் என்றால், நாமும் அந்த மண் குவளையைத்தான் கையில் வைத்திருக்கிறோம்.

பாலு கடைசி வரை நம்மை நம்பினார். அடுத்த முறை யாராவது அந்தக் கேள்வியைக் கேட்டால், நான் சும்மா நிற்க மாட்டேன். நீங்களும் நிற்காதீங்க.