அடுக்களையை ஆய்வுக்கூடமாக்கிய அம்மையார்

உணவியலில் முதுநிலைப் பட்டம் பெற விழையும் பெண் இன்று பல படிகளைக் கடக்க வேண்டியிருக்கிறது. எழுத்துத் தேர்வு, செய்முறைத் தேர்வு, மருத்துவமனைப் பயிற்சி, ஆய்வேடு, இறுதியில் வாய்மொழித் தேர்வு என்று அவை வரிசையாக நிற்கின்றன. அவற்றை முடித்துவிட்டால் பட்டம் கைக்கு வந்துவிடும். பெண் என்று காரணம் காட்டி அதை எவரும் தடுக்க இயலாது. ஆனால் தகுதி அனைத்தும் இருந்தும், பெண் என்பதாலேயே உயர் பட்டம் எட்டாக் கனியாக இருந்த காலமும் ஒன்று உண்டு. அக்காலத்தில் வாழ்ந்து, தாம் பெற்ற கல்வியை மக்களின் உணவுக்கும் நலவாழ்வுக்கும் பயன்படுத்தி, மனையியல் என்னும் துறைக்கே வித்திட்டவர் அமெரிக்க நாட்டு எலன் ஸ்வாலோ ரிச்சர்ட்ஸ் அம்மையார். மனையியலை விருப்பப் பாடமாகப் பயிலும் நாங்கள், அன்னாரின் வரலாற்றை எம் தோழியருக்கு எடுத்துரைக்க விழைகிறோம்.

இளமையும் கல்வியும்

எலன் 1842-ஆம் ஆண்டு டிசம்பர் 3-ஆம் நாள் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் டன்ஸ்டபிள் என்னும் சிற்றூரில் பிறந்தார். பெற்றோர் இருவரும் ஆசிரியப் பணி செய்தவர்கள். அவர்களுக்கு எலன் ஒரே குழந்தை. மகளுடைய கல்வியின் பொருட்டே குடும்பம் 1859-இல் வெஸ்ட்ஃபோர்டு என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே தந்தையார் ஒரு கடை வைத்தார். பள்ளிப் படிப்புடன் கடை வேலையையும் வீட்டு வேலையையும் எலன் சேர்த்தே கவனித்தார்.

பள்ளிப் படிப்பு முடிந்தது. மேற்படிப்புக்குப் பணம் இல்லை. எலன் சோர்ந்துவிடவில்லை. பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தும், நோயாளிகளைக் கவனித்தும், பிறர் வீடுகளில் வேலை செய்தும் சிறுகச் சிறுகச் சேமித்தார். கையில் ஏறக்குறைய 300 டாலர் சேர்ந்த பிறகே, 1868-இல், தமது 25-ஆம் வயதில், பெண்களுக்கென்று தொடங்கப்பட்டிருந்த வாசர் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே வானியல் அறிஞர் மரியா மிட்செல் அம்மையாரும், வேதியியல் பேராசிரியர் ஃபாரர் அவர்களும் அவருக்கு வழிகாட்டினர். வேதியியல் அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. 1870-இல் இளங்கலைப் பட்டம் பெற்றார்.

இரண்டு பட்டங்களும் எட்டாத மூன்றாவதும்

வேதியியல் பயின்ற பெண்ணை வேலைக்கு வைத்துக்கொள்ள அன்று எவரும் முன்வரவில்லை. எனவே பாஸ்டன் நகரில் இருந்த மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துக்கு எலன் விண்ணப்பித்தார். அதுவரை அங்கே ஒரு பெண்ணும் பயின்றதில்லை. அவரைச் சிறப்பு மாணவியாக, கட்டணம் ஏதுமின்றிச் சேர்த்துக்கொண்டார்கள். தமது வறுமையை எண்ணிக் காட்டிய சலுகை இது என்று எலன் முதலில் நம்பினார். உண்மையான காரணம் பின்னரே தெரிந்தது. எவரேனும் எதிர்ப்புத் தெரிவித்தால், இப்பெண் எங்கள் மாணவியே அல்லள் என்று சொல்லிக்கொள்ள நிர்வாகத்துக்கு அது வசதியாக இருந்தது!

1871-இல் அவருடைய தந்தை ரயில் விபத்து ஒன்றில் காயமுற்று இறந்தார். தாயைக் கவனிக்கும் பொறுப்பும் எலன் மேல் விழுந்தது. அந்நிலையிலும் படிப்பு நிற்கவில்லை. ஆய்வுக்கூடத்தைத் துப்புரவாக வைப்பதும், பேராசிரியர்களுக்குச் சிறு சிறு உதவிகள் செய்வதுமாக எல்லோருடைய நன்மதிப்பையும் பெற்றார். 1873-இல் அக்கழகத்தில் இளம் அறிவியல் பட்டம் பெற்ற முதல் பெண்மணி ஆனார். அதே ஆண்டில், இரும்புத் தாது ஒன்றைப் பகுத்தாய்ந்து எழுதிய ஆய்வேட்டை வாசர் கல்லூரிக்கு அளித்து, முதுகலைப் பட்டத்துக்குரிய இறுதித் தகுதியையும் நிறைவு செய்தார்.

அடுத்து டாக்டர் பட்டத்தை எண்ணி மேலும் ஈராண்டுகள் உழைத்தார். அப்பட்டம் மட்டும் வரவேயில்லை. வேதியியலில் தங்கள் கழகத்தின் முதல் டாக்டர் பட்டம் ஒரு பெண்ணுக்குப் போவதைத் துறையினர் விரும்பவில்லை என்று அவருடைய கணவர் பிற்காலத்தில் தெரிவித்திருக்கிறார். இந்த இடத்தில் வேறொருவராயின் மனம் கசந்து ஒதுங்கியிருக்கக்கூடும். அம்மையாரோ கழகத்தை விட்டுப் போகவும் இல்லை, கதவருகே நின்று அழவும் இல்லை. தமக்குப் பின் வரும் பெண்களுக்கு அக்கதவை அகலத் திறக்க முற்பட்டார்.

பிறருக்குத் திறந்த கதவு

1875-இல் அதே கழகத்தின் சுரங்கப் பொறியியல் பேராசிரியர் ராபர்ட் ரிச்சர்ட்ஸ் அவர்களை மணந்தார். மறு ஆண்டு பாஸ்டன் பெண்கள் கல்விச் சங்கத்தின் பொருளுதவியுடன் கழகத்தில் மகளிர் ஆய்வுக்கூடம் ஒன்று தொடங்கியது. அதில் அம்மையார் ஊதியம் பெறாமலே கற்பித்தார். தம் கைப்பொருளையும் அதற்கு அளித்தார். சில ஆண்டுகளில் பெண்கள் மற்ற மாணவர்களோடு சேர்ந்து பயிலும் நிலை வந்ததும் தனி ஆய்வுக்கூடத்துக்குத் தேவை இல்லாமற்போயிற்று. 1883-இல் அது மூடப்பட்டது. மூடப்பட்டதே அதன் வெற்றி அல்லவா? 1884-இல் அம்மையார் சுகாதார வேதியியல் பயிற்றுநராக நியமனம் பெற்றார். இறுதி நாள் வரை அப்பணியில் இருந்தார்.

1887-இல் மாசசூசெட்ஸ் சுகாதார வாரியம் மாநிலத்தின் நீர்நிலைகளை ஆராயத் தொடங்கியபோது, ஆய்வுக்கூடப் பொறுப்பு அம்மையாரிடம் வந்தது. ஊர் ஊராக வந்து குவிந்த 20,000-க்கும் மேற்பட்ட நீர் மாதிரிகள் அங்கே சோதிக்கப்பட்டன. கடைகளில் விற்ற மளிகைப் பொருள்களிலும் கலப்படம் உண்டா என்று அவர் சோதித்தார்.

வீட்டிலிருந்து நாட்டுக்கு

ஆய்வுக்கூடத்தில் கற்றதை அம்மையார் வீட்டு வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போகவில்லை. பாஸ்டனின் ஜமைக்கா பிளெய்ன் பகுதியில் இருந்த தம் இல்லத்தையே சோதனைக் களமாக்கினார். காற்றோட்டம், குடிநீர், அடுப்புக்கு ஆகும் எரிபொருள், உணவுச் செலவு என்று ஒவ்வொன்றையும் அளந்து பார்த்தார். சமைப்பதிலும் துலக்குவதிலும் உள்ள வேதியியலை இல்லத்தரசியருக்கு விளக்கும் நூலொன்றை 1882-இல் வெளியிட்டார். உப்பு, புளி, சோடா, சவுக்காரம் ஆகிய யாவும் வேதிப்பொருள்களே என்பதை இன்று நாங்கள் வகுப்பில் படிக்கிறோம். அன்று அடுக்களைக்கும் அறிவியலுக்கும் உறவு உண்டு என்று சொல்வதே புதுமையாக இருந்தது.

1890-இல் அவரும் மேரி ஹின்மன் ஏபல் அம்மையாரும் சேர்ந்து பாஸ்டனில் நியூ இங்கிலாந்து சமையற்கூடம் என்ற ஒன்றைத் திறந்தனர். தொழிலாளர் குடும்பங்களுக்குச் சத்துள்ள உணவைக் குறைந்த விலையில் சமைத்து விற்பது அதன் நோக்கம். மாட்டிறைச்சிச் சாறு, பட்டாணி சூப், சோளக் கூழ் போன்றவற்றை எடைபோட்டு, நேரம் குறித்து, என்றும் ஒரே தரத்தில் வரும்படி சமைத்தனர். சத்தும் சரி, விலையும் சரி. கணக்கில் ஒரு பிழையும் இல்லை.

ஆயினும் யாருக்காகச் சமைத்தார்களோ அவர்களிற் பலர் வாங்க வரவில்லை. அயர்லாந்திலிருந்தும் இத்தாலியிலிருந்தும் வந்து குடியேறியிருந்த அம்மக்களுக்கு நியூ இங்கிலாந்தின் சுவை பிடிக்கவில்லை. அவர்களுக்கு அவரவர் தாய் சமைத்த உணவே உணவாக இருந்தது. உணவியல் பயில்வோர் அனைவரும் நெஞ்சில் பதித்துக்கொள்ள வேண்டிய பாடம் இதுவே எனலாம். தாளில் எழுதிய உணவுப் பட்டியல் எவ்வளவு நிறைவானதாக இருப்பினும், உண்பவர் வாயில் அது இறங்கவில்லையேல் பயன் என்ன? எந்தத் தேர்வாளரும் மதிப்பெண் போட முடியாத தேர்வு அது. தட்டில் மிஞ்சுவதே அதன் முடிவு.

அம்மையார் சமையற்கூடத்தைக் கைவிடவில்லை. விரும்பி ஏற்பார் யார் என்று தேடினார். அந்த இறைச்சிச் சாறு நோயாளிகளுக்குப் பயன்பட்டது. 1894 முதல் பாஸ்டன் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு அங்கிருந்து பகலுணவு சென்றது. அதற்கு முந்திய ஆண்டில் சிகாகோ உலகக் கண்காட்சியில் ரம்ஃபோர்டு சமையற்கூடம் என்ற பெயரில் 30 சென்ட் விலைக்கு உணவு வழங்கினார். ஒவ்வொரு உணவிலும் புரதம், கொழுப்பு, மாவுச்சத்து எவ்வளவு, அது எத்தனை கலோரி தரும் என்பதை அட்டையில் எழுதி வைத்தார். இரண்டே மாதங்களில் ஏறத்தாழ 10,000 பேர் உண்டு சென்றனர். உண்ணும் உணவுக்கும் கணக்கு உண்டு என்பதை அவர்களிற் பலர் அன்றுதான் முதன்முதலாகக் கண்டிருப்பர்.

துறை ஒன்று பிறந்தது

1899-இல் லேக் பிளாசிட் என்னும் ஊரில் பதினொருவர் கூடிய மாநாட்டுக்கு அம்மையார் தலைமை தாங்கினார். மனையியலைப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் முறையான பாடமாக்கும் வழிகளை அம்மாநாடு ஆராய்ந்தது. ஆண்டுதோறும் தொடர்ந்த இம்மாநாடுகளின் பயனாக, 1908-இல் அமெரிக்க மனையியல் சங்கம் உருவாயிற்று. அதன் முதல் தலைவர் அம்மையாரே. 1910-இல் ஸ்மித் கல்லூரி அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் வழங்கியது. இளமையில் எட்டாத பட்டம் 67-ஆம் வயதில், வேறொரு வாயில் வழியாக அவரைத் தேடி வந்தது. 1911 மார்ச் 30-ஆம் நாள் இதய நோயால் இவ்வுலக வாழ்வை நீத்தார். ஆறு ஆண்டுகளுக்குப் பின், 1917-இல், அமெரிக்க உணவியல் சங்கம் தோன்றியது. அவர் உழுது வைத்த நிலத்தில் முளைத்த பயிர் அது எனின் மிகையாகாது.

கடல் கடந்து நம் நாட்டுக்கும் அத்துறை வந்தது. 1932-இல் டில்லியில் லேடி இர்வின் கல்லூரியும், 1957-இல் கோவையில் அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரியும் தோன்றி, எண்ணற்ற பெண்களை உணவியல் வல்லுநர்களாக ஆக்கின.

அன்புத் தோழியரே! மனையியல் என்றால் சமையல்தானே என்று நம்மைக் கேலி செய்வோர் உளர். சமையல்தான், ஆனால் அதனுள் வேதியியலும், மருத்துவமும், பொருளியலும், பிறர் மனம் அறியும் பண்பும் அடங்கியுள்ளன என்று அவர்களுக்குச் சொல்வோம். நம்முள் சிலர் நாளை உணவியலில் முதுநிலைத் தேர்வு எழுதி முடித்து வெளியே வரக்கூடும். அன்று கையில் இருக்கும் பட்டத்தை மட்டும் பாராமல், அதைக் கொண்டு யாருடைய தட்டில் என்ன வைக்கப்போகிறோம் என்றும் எண்ணிப் பார்ப்போமாக. எட்டாத பட்டத்தை எண்ணி ஏங்காமல், பெற்ற கல்வியை ஊருக்கு உணவாக்கிய எலன் ரிச்சர்ட்ஸ் அம்மையாருக்கு நாம் செலுத்தக்கூடிய நன்றி அதுவே.