17 மார்க் எடுத்துப் பாஸ் ஆன இயந்திரம்

கரண்ட் எங்கிருந்து வருதுன்னு கேட்டா மேட்டூர், நெய்வேலி என்று நாம் டக்குன்னு சொல்லிடுவோம். கேஸ் டர்பைனிலிருந்தும் வருது. திருவாரூர் மாவட்டம் திருமக்கோட்டையில் 2001-ல் அப்படி ஒரு மின் நிலையம் தொடங்கப்பட்டது. திறன் சுமார் 107 மெகாவாட். இந்த வகை இயந்திரத்துக்குப் பரீட்சை வைத்த ஒரு வாத்தியாரின் கதை இது.

அவர் பெயர் ஆரெல் ஸ்டொடோலா. இன்றைய ஸ்லோவாக்கியா நாட்டில் 1859-ஆம் ஆண்டு பிறந்தார். அப்பா தோல் பதனிடும் தொழில் செய்தவர். 1892 முதல் 1929 வரை சுவிட்சர்லாந்தின் சூரிச் தொழில்நுட்பக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தார். 1903-ல் நீராவி டர்பைன் பற்றி அவர் எழுதிய புத்தகத்தைப் பல நாட்டு இன்ஜினியர்களும் படித்தார்கள். ஐன்ஸ்டீன் இவருடைய நண்பர். முதல் உலகப் போரில் கை இழந்தவர்களுக்காக, சவர்புரூக் என்ற டாக்டருடன் சேர்ந்து செயற்கைக் கை செய்யவும் உதவினார். (டர்பைன் வாத்தியாருக்குக் கை செய்யவும் தெரிஞ்சிருக்கு பாருங்க!)

இப்போ டர்பைனுக்கு வருவோம். கேஸ் டர்பைன்னா அடுப்பு கேஸ் மட்டும்னு நினைக்காதீங்க, எண்ணெயிலும் ஓடும். பஞ்சர் கடையில் இருப்பது போல, ஆனா ரொம்பப் பெரிய கம்ப்ரசர் ஒன்று வெளிக்காற்றை இழுத்து அழுத்தும். அந்தக் காற்றில் எரிபொருள் எரியும். சூடான வாயு சீறி வந்து டர்பைனின் தகடுகளைத் தள்ள, தண்டு சுற்றும். அதோடு சேர்ந்து ஜெனரேட்டரும் சுற்றும், கரண்ட் வரும்.

கேட்க சுலபம்தான். ஆனா கம்ப்ரசரையும் அதே டர்பைன்தான் சுற்றணும். கிடைக்கிற சக்தியில் பெரும்பகுதியை அதுவே தின்னுடும். வாயுவை இன்னும் சூடாக்கலாம்னா தகட்டு உலோகம் தாங்காது. அதனால் பல வருஷம் பலரும் முயன்றும் இது மின் நிலையத்துக்கு உதவவில்லை.

கடைசியில் பிரவுன் போவெரி கம்பெனி நியூஷாத்தெல் என்ற சுவிஸ் ஊருக்காக ஒன்றைச் செய்தது. 1939 ஜூலையில் அதைச் சோதிக்க வந்தவர் ஸ்டொடோலா. அப்போ அவருக்கு வயசு 80! ஓய்வு பெற்றே பத்து வருஷம் ஆகியிருந்தது.

டர்பைன் தந்தது சுமார் 15,400 கிலோவாட். கம்ப்ரசர் எடுத்துக்கொண்டது 11,400. மிச்சம் 4,000. நம்ம பக்கம் 15 மூட்டை மக்காச்சோளம் விளைஞ்சு 11 மூட்டை செலவுக்கே போன மாதிரி! எரிபொருளின் சக்தியில் நூற்றுக்கு 17.4 பங்குதான் மின்சாரம் ஆனது. நம்ம ஸ்கூல்ல 17 மார்க்னா ஃபெயில். ஆனா அன்று அது பாஸ். ஏன்னா, கம்ப்ரசருக்குத் தீனி போட்ட பிறகும் ஊருக்குக் கொடுக்க 4,000 மிச்சம் இருந்ததே! மின் நிலையத்துக்காகச் செய்யப்பட்ட உலகின் முதல் கேஸ் டர்பைன் இதுதான். குண்டு விழுந்தாலும் தாங்கும் நிலவறையில், அவசரத் தேவைக்காக அதை வைத்தார்கள்.

மீதி 82 பங்குக்கு மேல் வெப்பமாக வீணானது. இன்று அந்தச் சூட்டிலேயே தண்ணீரைக் காய்ச்சி, நீராவி டர்பைனையும் சுற்றுகிறார்கள். திருமக்கோட்டையிலும் இந்த முறைதான். இப்படி இரண்டும் சேர்ந்தால், உலகின் சிறந்த நிலையங்களில் 60-க்கு மேல் மார்க் வருது.

ஸ்டொடோலா 1942 டிசம்பர் 25 அன்று சூரிச்சில் காலமானார். அவர் பாஸ் போட்ட இயந்திரம் 2002 வரை வேலை பார்த்தது.