மாவோரிப் பெருமகன் சர் ஆபிரானா ஙாட்டா

உலகப் படத்தில் ஆஸ்திரேலியாவிற்குத் தென்கிழக்கே, கடலின் நடுவே இரண்டு பெருந்தீவுகளைக் காணலாம். அதுவே நியூசிலாந்து. அந்நாட்டின் தொல்குடியினர் மாவோரி மக்கள். அவர்களுடைய உணவு, மொழி, பண்பாடு ஆகியவற்றைப் பற்றி எழுதி வருமாறு ஆசிரியர் பணித்தால், மாணவர் ஒவ்வொன்றிற்கும் ஒரு பக்கம் ஒதுக்கிப் படமும் ஒட்டி முடித்துவிடுவது வழக்கம். அதனினும் நல்ல வழி ஒன்று உண்டு. ஒரு மனிதருடைய வாழ்வைத் தொடர்ந்து சென்றால், இம்மூன்றும் ஒன்றாகவே நம் கைக்கு வந்து சேரும். அவ்வாறு தொடர்வதற்கு ஏற்றவர் ஆபிரானா ஙாட்டா.

பெயரின் முதலெழுத்தைக் கண்டு மாணவர் மலைக்க வேண்டா. நம் மொழியில் ஙகரம் சொல்லுக்கு முதலில் வருதல் அரிது. ஔவையாரும் ஆத்திசூடியில் அவ்வெழுத்துக்கு வந்தபோது அதன் வடிவத்தையே உவமையாக்கி முடித்தார். மாவோரி மொழியிலோ அவ்வொலியில் தொடங்கும் சொற்கள் பல. ஆங்கிலேயர் நாவிற்கு எளிதில் வாராத ஒலி, ஙகரம் பயின்ற நம் பிள்ளைகளுக்குத் தடையின்றி வரும். அம்மொழியில் உயிர் ஐந்து, மெய் பத்து, அவ்வளவே. பழங்காலத்தில் அதற்கு எழுத்து இல்லை. குலவரலாறு, கதை, பாட்டு எல்லாம் பெரியோர் நெஞ்சிலேயே இருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்த கிறித்துவப் பாதிரிமாரே அதனை ரோமன் எழுத்தில் எழுதும் முறையை ஏற்படுத்தினர்.

1840ஆம் ஆண்டில் மாவோரித் தலைவர்களுக்கும் பிரிட்டிஷ் அரசுக்கும் வைத்தாங்கி என்னுமிடத்தில் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. அதன்பின் வெள்ளையர் பெருந்திரளாகக் குடியேறினர். போராலும், விற்பனையாலும், சட்டத்தாலும் மாவோரிகளின் நிலம் கைமாறியது. முன்பின் அறியாத நோய்கள் ஊர் ஊராக மக்களை வாரிக்கொண்டு சென்றன. 1896ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் எஞ்சியிருந்த மாவோரிகள் சுமார் 42,000 பேரே. அவ்வினம் அழிந்துபோகும் என்று வெள்ளையருள் பலர் ஐயமின்றி நம்பினர்.

இத்தகைய காலத்தில், 3-7-1874 அன்று, வடதீவின் கிழக்குக் கரையிலுள்ள டே ஆராரோவா என்னும் ஊரில் ஆபிரானா பிறந்தார். தந்தையார் பராட்டேனே, தாயார் காட்டெரினா. குலம் ஙாட்டி போரோ. குலத்தின் போர்த்தலைவராகிய ரோப்பாட்டா வஹவஹா என்பவர் அவருக்குப் பாட்டனார் முறை. இப்பெரியோரிடம் குலமரபைக் கேட்டு வளர்ந்த சிறுவன், ஒன்பதாம் வயதில் வீட்டைவிட்டு நெடுந்தொலைவிலுள்ள டே ஆவ்டே கல்லூரிக்கு அனுப்பப்பட்டான். வெள்ளையரோடு வாழ வேண்டுமாயின் அவர்தம் கல்வியைக் கற்றே தீர வேண்டும் என்பது பெரியோரின் துணிபு. ஒன்பது வயதுப் பிள்ளையைப் பிரிந்திருக்க அத்தாய் என்ன பாடுபட்டிருப்பார் என்பதைத் தாய்மார்களே அறிவர்.

பையன் பெற்றோர் நம்பிக்கையைப் பொய்யாக்கவில்லை. உதவிச் சம்பளம் பெற்றுக் கேன்டர்பரி கல்லூரியில் பயின்று, 1893இல் பி.ஏ. தேறினார். நியூசிலாந்தில் பல்கலைக்கழகப் பட்டம் பெற்ற முதல் மாவோரி அவரே. 1895இல் எம்.ஏ. பட்டமும், 1896இல் சட்டப் பட்டமும் அவரை வந்தடைந்தன. கலை, சட்டம் ஆகிய இரண்டிலும் பட்டம் பெற்றவர் அதுவரை அந்நாட்டு வெள்ளையருள்ளும் இல்லை.

நகரத்தில் வழக்கறிஞராக அமர்ந்திருந்தால் செல்வமும் சிறப்பும் தாமே வந்திருக்கும். அவரோ மனைவி அரிஹியாவுடன் தம் குலத்தார் வாழும் வாயோமாட்டாட்டினிக்கே திரும்பினார். 1897இல் பழைய மாணவர் சங்கம் ஒன்று அமைந்தபோது, அதன் பணிகளில் அவர் முன்னின்றார். மருத்துவர்களாகிய மாவுயி போமரே, டே ராங்கி ஹீரோவா ஆகியோர் அவருடைய தோழர்கள். ஊர்தோறும் சென்று தூய குடிநீர், நல்ல வீடு, நிலப் பாதுகாப்பு ஆகியவற்றைப் பற்றி எடுத்துரைப்பதே அவர்கள் வேலை. ஹீரோவாவுக்கும் ஙாட்டாவுக்கும் இடையே நடந்த கடிதப் போக்குவரத்து பிற்காலத்தில் மூன்று தொகுதிகளாக அச்சேறியது.

1905ஆம் ஆண்டில் அவர் நாடாளுமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 38 ஆண்டுகள் தொடர்ந்து அவ்விடத்தில் இருந்தார். அவர் முதலில் கைவைத்தது நிலச் சிக்கலில். ஒரே நிலத்திற்கு நூற்றுக்கணக்கான பங்காளிகள்! யாரும் தனித்துப் பயிரிட இயலாது. வங்கியும் கடன் தாராது. பங்குகளை ஒன்றுசேர்த்து, கூட்டாக நிருவகிக்கும் முறையை ஙாட்டா வளர்த்தார். காடுகள் மேய்ச்சல் நிலமாயின; ஆடு மாடுகள் பெருகின. 1920களில் ஙாட்டி போரோ மக்கள் ரூவாட்டோரியாவில் சொந்தமாகவே பாற்பண்ணைத் தொழிற்சாலை நிறுவி, நாட்டி என்னும் பெயரில் வெண்ணெய் விற்றனர். காடு வெட்டித் தோட்டமாக்கியவர்களின் பிள்ளைகளாகிய நமக்கு அவ்வுழைப்பின் அருமை சொல்லாமலே விளங்கும். 1927இல் அரசு அவருக்குச் சர் பட்டம் அளித்தது. 1928இல் மாவோரி மக்களின் நலத்துக்குரிய அமைச்சரானார்.

வயிறு நிறைந்தால் போதும் என்று அவர் எண்ணியிருந்தால் அவர் கதையை இங்கே எழுத வேண்டியதில்லை. மாவோரி ஊர் ஒவ்வொன்றிலும் மராய் எனப்படும் பொதுமன்றம் உண்டு. விருந்தினர் அதனுள் தாமாக நுழைதல் ஆகாது. வாயிலில் நிற்பர். உள்ளிருந்து ஒரு பெண் குரலெடுத்து அழைப்பாள், பிறகே நடப்பர். இரு தரத்தாரும் மாறி மாறிப் பேசுவர். பேசி முடித்தவர் ஒரு பாட்டுப் பாடியாக வேண்டும். அவரைச் சேர்ந்தோர் எழுந்து உடன் பாடுவர். பாட்டில்லாத பேச்சு அரைப்பேச்சே. இறுதியில் மூக்கொடு மூக்கு வைத்து மூச்சைப் பகிர்ந்துகொள்வர். பின்னர் உணவு. ஆகவே, பாட்டறிந்த முதியோர் ஒவ்வொருவராக மறையும்போது மராயின் குரலே குறைந்துகொண்டு வந்தது.

இதனை உணர்ந்த ஙாட்டா பாட்டுத் தேடிப் புறப்பட்டார். தாலாட்டு, ஒப்பாரி, காதற்பாட்டு எதையும் விடவில்லை. பாடியது யார், எக்குலம், எந்த நிகழ்ச்சியைக் குறித்தது, அரிய சொல்லுக்குப் பொருள் என்ன என்று கேட்டுக் கேட்டு எழுதினார். ஏட்டுச்சுவடி தேடி ஊர் ஊராக அலைந்த நம் உ. வே. சாமிநாதையரை இவ்விடத்தில் நினையாமல் இருக்க முடியவில்லை. ஐயருக்குச் செல்லரித்த ஓலையேனும் கிடைத்தது. ஙாட்டாவுக்கோ கிழவர்களின் நினைவே பெரும்பாலும் ஓலை. ஙா மோட்டேயாட்டேயா என்னும் அத்தொகுப்பின் முதற்பாகம் 1928இல் வெளிவந்தது. அவருக்குப் பின் பெயி டே ஹூரினூயி ஜோன்ஸ் முதலியோர் அப்பணியைத் தொடர்ந்தனர். நூல் நான்கு பாகங்களாக நிறைவெய்தியது.

மரச் செதுக்குக் கலைக்கும் அதே நிலை. மன்றங்களின் தூண்களில் முன்னோர் உருவங்களைச் செதுக்கும் கைகள் அருகிவிட்டன. 1926இல் சட்டம் இயற்றச் செய்து, ரோட்டொருவாவில் ஒரு கலைப்பள்ளியை ஙாட்டா ஏற்படுத்தினார். அங்குப் பயின்ற பீனே டாயியாப்பா என்னும் இளைஞர், பழைய வாய்ச்சி வேலை தமக்குப் பிடிபடாமையால், எராமிஹா காப்புவா என்னும் முதிய சிற்பியை நாடிக் கற்றுக்கொண்டார். அவரும் அவர் தோழர்களும் நாடெங்கும் மன்றங்களை எழுப்பினர்.

மன்றம் என்றால் விருந்து உண்டு என்றோம். மாவோரி முன்னோர் படகேறி வந்தபோது கூமரா எனப்படும் சர்க்கரைவள்ளிக்கிழங்கைக் கொண்டு வந்தனர். அக்குளிர்நாட்டில் அது கெடாமலிருக்க நிலத்தில் குழி தோண்டிச் சேமித்தனர். விலாங்கு, சிப்பி, காட்டுப் பறவை, பெரணிக் கிழங்கு ஆகியனவும் அவர்கள் உணவு. பெருவிருந்துக்கு ஹாங்கி என்னும் மண்ணடுப்பு. குழியில் விறகெரித்துக் கற்களைப் பழுக்கக் காய்ச்சி, இறைச்சியையும் கிழங்கையும் கூடைகளில் வைத்து, ஈரத்துணியால் மூடி, மேலே மண்ணைத் தள்ளிவிடுவர். இரண்டு மூன்று மணி நேரத்தில் ஆவியிலேயே யாவும் வெந்திருக்கும். நம் புட்டும் இட்டலியும் ஆவியில் வேகின்றன. அங்கே நிலமே பானை.

பானையைச் சொன்னதும் வேறொரு செய்தி நினைவுக்கு வருகின்றது. சுமார் 1836இல், வில்லியம் கொலென்சோ என்னும் சமயப் பணியாளர், வாங்காரே என்னும் ஊருக்கு அருகில் மாவோரிப் பெண்கள் உருளைக்கிழங்கு அவிக்கும் ஒரு வெண்கலப் பாத்திரத்தைக் கண்டார். அது உடைந்த கப்பல் மணியின் மேற்பாகம். அதைச் சுற்றிப் பொறிக்கப்பட்டிருந்தவை தமிழெழுத்துகள்! முகைதீன் பக்சு என்பவருடைய கப்பலின் மணி என்று அவை தெரிவிக்கின்றன. அம்மணி இன்று வெலிங்டன் நகர அருங்காட்சியகத்தில் உள்ளது. அது அங்குச் சென்ற விதம் பற்றி அறிஞரிடையே ஒருமித்த கருத்தில்லை.

மீண்டும் ஙாட்டாவிடம் வருவோம். அவருக்குத் துன்பங்கள் குறைவில்லை. 1929ஆம் ஆண்டில் மூத்த மகன் மாக்காரினியையும் மனைவி அரிஹியாவையும் ஒருவர் பின் ஒருவராகப் பறிகொடுத்தார். 1934இல் அவருடைய துறையின் கணக்குகளை ஆராய்ந்த அரசு விசாரணைக் குழு, விதிமுறைகளை அவர் பொருட்படுத்தவில்லை எனக் குறை கூறியது. வேலை விரைந்து நடக்க வேண்டும் என்பதற்காக விதிகளைத் தாண்டிச் சென்றவர் அவர்; அது குற்றமே என்பதையும் மறுப்பதற்கில்லை. அமைச்சர் பதவியைத் துறந்தார். நிலச் சீர்திருத்தமோ அவருக்குப் பின்னும் நடந்தது.

இரண்டாம் உலகப் போரில் மாவோரிப் படையணிக்கு ஆள் சேர்த்ததில் அவர் பங்கு பெரிது. போனவர் பலர் திரும்பவில்லை. அவருடைய குலத்தில் தோன்றிய ஙாரிமு என்னும் இளம் அதிகாரி 1943 மார்ச்சில் துனீசியாவில் உயிர் துறந்து, விக்டோரியா சிலுவை பெற்றார். அப்பதக்கத்தைப் பெற்றோரிடம் ஒப்படைக்கும் விழா அதே ஆண்டு அக்டோபரில் ரூவாட்டோரியாவில் நடந்தபோது ஆயிரக்கணக்கானோர் கூடினர். பழம்பாட்டும், ஆட்டமும், மண்ணடுப்பு விருந்துமாக நடந்த அவ்விழாவை முன்னின்று நடத்தியவர் ஙாட்டா. அவ்விழாவுக்குச் சில நாள்களுக்கு முன்புதான் அவர் தேர்தலில் தோற்று, 38 ஆண்டு வீற்றிருந்த இருக்கையை இழந்திருந்தார்.

மொழியைப் பற்றி அவர் கொண்டிருந்த கருத்து மாறிய வரலாறு சற்று ஊன்றி நோக்கத்தக்கது. அக்காலப் பள்ளிகளில் ஆங்கிலமே ஆட்சி செய்தது. மாவோரி பேசிய பிள்ளைகள் அடிபட்டதும் உண்டு. இளமையில் ஙாட்டாவும் பள்ளியில் ஆங்கிலத்திற்கே முதலிடம் தர வேண்டும் என்றவர். தாய்மொழியை வீடு காக்கும் என்பது அவர் நம்பிக்கை. அவர் பிறந்த வீட்டில் அது மெய்யாகவே இருந்தது. ஆனால் காலம் செல்லச் செல்ல, இளைஞர் நகரங்களுக்கு வேலை தேடிச் சென்றனர். வீட்டுப் பேச்சிலும் ஆங்கிலம் புகுந்தது. மராயில் எழுந்து நின்று தம் முன்னோர் மொழியில் பேச முடியாத இளையோரை முதுமையில் அவர் கண்டார். வீடு காக்கும் என்று விட்டதை வீடு காக்கவில்லை. ஆதலின் பள்ளியிலும் மாவோரி கற்பிக்கப்பட வேண்டும் என்று வற்புறுத்தத் தொடங்கினார். புகழ் முதிர்ந்த பின் பழைய கருத்தைக் கைவிடுவது எளிதன்று. பட்டங்களினும் இதனையே யாம் பெரிதாகக் கருதுகின்றோம்.

கடைசி ஆண்டுகளிலும் எழுதுகோல் ஓயவில்லை. மாவோரி விவிலியத்தைத் திருத்தும் குழுவிற்குத் தலைமை தாங்கினார். அத்திருத்தப் பதிப்பு அவர் மறைவிற்குப் பின், 1952இல் வெளிவந்தது. 1949இல் ஒரு சிறுமி கையெழுத்துக் கேட்டுத் தன் ஏட்டை நீட்டியபோது, அதில் சில வரிகளை எழுதிக் கொடுத்தார். கைகளுக்கு வெள்ளையர் தொழிற்கருவி, நெஞ்சிற்கு மூதாதையர் செல்வம், ஆன்மாவிற்கு இறைவன் என்பது அவற்றின் கருத்து. ஒரு குழந்தையின் ஏட்டிற்கென எழுதியதை இன்று நாடே அறியும்.

14-7-1950 அன்று வாயோமாட்டாட்டினியில் அவர் காலமானார். அவர் அஞ்சிய மொழியிழப்பு அடுத்த முப்பது ஆண்டுகளில் விரைந்து நிகழ்ந்தது. 1982ஆம் ஆண்டில், மொழிக்கூடு என்னும் பொருளுடைய மழலையர் பள்ளிகள் தோன்றின. பாட்டிமார் அங்கு வந்து குழந்தைகளுடன் மாவோரி மொழியிலேயே பேசலாயினர். 1987இல் அது நாட்டின் ஆட்சிமொழிகளுள் ஒன்றாயிற்று. நியூசிலாந்தின் 50 வெள்ளி நோட்டில் ஙாட்டாவின் முகத்தைக் காணலாம். முகத்தோடு ஒரு மன்றத்தின் படமும் உண்டு. அது போரோராங்கி மன்றம். அவர் வாழ்ந்து மறைந்த வாயோமாட்டாட்டினியில் 1888ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது.