குதிரையின் காலைக் காத்த டாக்டர்

1806-ம் ஆண்டு, ஜூலை மாதம் 10-ந் தேதி.

வேலூர்க் கோட்டையில் இருந்த இந்தியச் சிப்பாய்கள் வெள்ளையரை எதிர்த்துப் பொங்கி எழுந்தார்கள். பொழுது விடிவதற்குள் கோட்டை அவர்கள் கைக்கு வந்துவிட்டது.

செய்தி ஆற்காட்டுக்குப் பறந்தது. அங்கே வெள்ளையரின் குதிரைப் படை இருந்தது. தளபதி கில்லெஸ்பி குதிரை மேல் தாவி ஏறினார். படை வேலூரை நோக்கிப் பாய்ந்தது.

ஏறக்குறைய 25 கிலோ மீட்டர் தூரம். இன்று ஆற்காட்டிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள் சத்துவாச்சாரியைத் தாண்டித்தான் வேலூருக்குள் நுழைகிறார்கள். அன்று அந்தத் திசையில் புழுதி பறந்தது. பீரங்கிகளையும் குதிரைகளே இழுத்து வந்தன. காலை வெயில் சுடுவதற்குள் படை கோட்டை வாசலில் நின்றது. எழுச்சி அன்றே அடக்கப்பட்டது. நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் மாண்டார்கள்.

அந்தக் காலத்தில் குதிரைக்கு அவ்வளவு மதிப்பு! ரெயில் கிடையாது. லாரி கிடையாது. தபால் போக வேண்டுமா? குதிரை. போர் நடக்க வேண்டுமா? குதிரை.

ஆனால், குதிரையின் பலம் எங்கே இருக்கிறது? மார்பிலா? முதுகிலா? இல்லை. காலில் இருக்கிறது. அதிலும், தரையைத் தொடும் குளம்பில் இருக்கிறது. குளம்பு கெட்டால், பத்தாயிரம் ரூபாய்க் குதிரையும் பத்து ரூபாய் பெறாது.

இதை நன்றாக உணர்ந்த ஒரு டாக்டர், வேலூர் எழுச்சிக்கு இரண்டு ஆண்டுகள் கழித்து இந்தியாவுக்கு வந்தார். அவர் பெயர் வில்லியம் மூர்கிராப்ட். அவருடைய கதைதான் இது.

மாட்டு நோய் மாற்றிய வாழ்க்கை

மூர்கிராப்ட் 1767-ல் இங்கிலாந்தில் பிறந்தார். ஊர், லங்காஷயர் பகுதியில் உள்ள ஆர்ம்ஸ்கிர்க். தாத்தா வசதியுள்ள விவசாயி. வயலும் மாடும் குதிரையும் சூழ்ந்த வீட்டில் பையன் வளர்ந்தான்.

அவனை டாக்டராக்க வேண்டும் என்று வீட்டார் விரும்பினார்கள். மனிதருக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர்! லிவர்பூல் நகரில் அறுவை சிகிச்சை படிக்க அனுப்பினார்கள்.

அப்போது அந்தப் பக்கத்தில் மாடுகளுக்கு ஒரு புதிய நோய் கண்டது. மாடுகள் மடிந்தன. என்ன நோய் என்று பார்த்து வரும்படி இளைஞர் மூர்கிராப்டை அனுப்பினார்கள். போனார். பார்த்தார். அவர் மனம் மாறிவிட்டது. மனிதருக்கு வைத்தியம் செய்ய எத்தனையோ பேர் இருக்கிறார்கள். வாயில்லாப் பிராணிக்கு யார் இருக்கிறார்கள்?

நண்பர்கள் தடுத்தார்கள். அந்த நாளில் இங்கிலாந்தில் குதிரை வைத்தியம் என்பது படித்தவர் செய்யும் தொழிலாக மதிக்கப்படவில்லை. லாடம் அடிக்கும் கொல்லர்தான் குதிரைக்கு வைத்தியரும்!

லண்டனில் ஜான் ஹண்டர் என்ற புகழ்பெற்ற டாக்டர் இருந்தார். அவரிடம் யோசனை கேட்டார்கள். அவரோ இளைஞரின் பக்கமே பேசினார். மூர்கிராப்டுக்குத் தைரியம் வந்தது.

ஆனால் எங்கே போய்ப் படிப்பது? இங்கிலாந்தில் கால்நடை மருத்துவப் பள்ளி ஒன்றுகூட அப்போது இல்லை. பிரான்ஸ் நாட்டில் லியோன் நகரில் இருந்தது. 1761-ல் நிறுவப்பட்ட அதுவே உலகின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளி. பிரான்சில் அப்போது புரட்சி நடந்துகொண்டிருந்தது. அதைப் பொருட்படுத்தாமல் 1790-ல் அங்கே போய்ச் சேர்ந்தார். முறையாகக் கால்நடை மருத்துவம் படித்த முதல் ஆங்கிலேயர் என்ற பெயர் அவருக்குக் கிடைத்தது.

குளம்பு என்பது என்ன?

லண்டன் திரும்பிய மூர்கிராப்ட், ஆக்ஸ்போர்டு தெருவில் குதிரை ஆஸ்பத்திரி நடத்தினார். பிரபுக்களின் குதிரைகளும் வந்தன. வண்டிக் குதிரைகளும் வந்தன. வந்தவற்றில் பல நொண்டிக்கொண்டே வந்தன!

காரணம் என்ன? லண்டன் தெருக்களில் கல் பாவியிருந்தது. லாடம் இல்லாமல் வண்டிக் குதிரை ஓட முடியாது. லாடமோ பல இடங்களில் சரியாக அடிக்கப்படவில்லை.

குளம்பின் வெளிச்சுவர் நம் விரல் நகம் போன்றது. அதை வெட்டினால் வலிக்காது. மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டி மீட்டர் வளரும். ஆனால் உள்ளே எலும்பு இருக்கிறது, ரத்தக் குழாய்கள் இருக்கின்றன, நரம்புகள் இருக்கின்றன. ஆணி கொஞ்சம் உள்ளே தள்ளி இறங்கினால் போதும், குதிரை துடித்துப் போகும்.

குளம்பைத் திருப்பிப் பார்த்தால், நடுவில் முக்கோணமாக ஒரு மெத்தென்ற பகுதி தெரியும். குதிரை காலை ஊன்றும்போது அதிர்ச்சியைத் தாங்குவதில் இதற்குப் பங்கு உண்டு. அக்காலத்துக் கொல்லர்கள் பலர், பார்வைக்கு அழகாக இருக்க வேண்டும் என்று அந்தப் பகுதியையே செதுக்கி எறிந்தார்கள். முன்பே செய்து வைத்த லாடத்துக்கு ஏற்றபடி குளம்பை வெட்டினார்கள்.

ஆம்பூரில் பூட்ஸ் செய்யும் தொழிலாளர்களைக் கேட்டுப் பாருங்கள். காலுக்கு ஏற்றபடி பூட்ஸ் செய்வார்களா, பூட்ஸுக்கு ஏற்றபடி காலை வெட்டுவார்களா? மனிதன் கால் கடித்தால் வாய்விட்டுச் சொல்லுவான். குதிரை நொண்டித்தான் காட்டும்.

1800-ல் மூர்கிராப்ட் லாடம் அடிக்கும் முறைகளைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். லாடம், குளம்பின் சுவர் மீது சமமாக அமரவேண்டும்; உள்பக்கம் சரிவாக இருக்கவேண்டும்; மெல்லிய உள்ளங்கால் மீது அழுத்தக் கூடாது. இப்படிப்பட்ட லாடமே நல்லது என்று அவர் எடுத்துக் காட்டினார்.

அதே காலத்தில் லண்டனில் பிரேசி கிளார்க் என்ற இன்னொரு கால்நடை டாக்டர் இருந்தார். அவர் ஒரு படி மேலே போனார். குதிரை மிதிக்கும்போது குளம்பு சற்று விரிகிறது. இரும்பு லாடம் அந்த விரிவைத் தடுக்கிறது என்று எழுதினார். லாடமே இல்லாமல் குதிரையை வெறுங்காலில் விடவேண்டும் என்று இன்று சொல்லுகிறவர்களுக்கு அவரே முன்னோடி.

அதற்கும் முன்னோடி ஒருவர் உண்டு! ஏறக்குறைய 2,400 ஆண்டுகளுக்கு முன் கிரேக்க நாட்டில் வாழ்ந்த செனபோன். அவர் காலத்துக் குதிரைகளுக்கு ஆணி அடித்த லாடம் கிடையாது. லாயத்து வாசலில் கூழாங்கற்களைப் பரப்பி, அதன் மேல் குதிரையை நிற்கவைத்தால் குளம்பு உறுதிப்படும் என்று அவர் எழுதி வைத்தார்.

கையைக் கடித்த எந்திரம்

நல்ல லாடத்தை எல்லாக் கொல்லர்களும் செய்வார்களா? மாட்டார்கள். எந்திரத்தில் செய்தால்? ஒரே மாதிரியான லாடம் ஆயிரக்கணக்கில் கிடைக்குமே!

மூர்கிராப்ட் அதற்கான முறையைக் கண்டுபிடித்து, 1796-லும் 1800-லும் காப்புரிமை பெற்றார். சம்பாதித்த பணத்தை அதில் கொட்டினார். வியாபாரம் நடக்கவில்லை. போட்ட பணம் போய்விட்டது.

அந்த நேரத்தில் கிழக்கிந்தியக் கும்பினி அவரை அழைத்தது. கும்பினிக்கு வங்காளத்தில் ஒரு குதிரைப் பண்ணை இருந்தது. அதை மேற்பார்க்க நல்ல ஆள் தேவை. மூர்கிராப்ட் ஒப்புக்கொண்டார். 1808-ல் கல்கத்தாவில் வந்து இறங்கினார். அப்போது அவருக்கு வயது 41.

பூசா பண்ணை

பண்ணை இருந்த இடம் பூசா. இன்றைய பீகார் மாநிலத்தில், ஆற்றங்கரையில் உள்ள ஊர். ராணுவத்துக்குப் பெரிய, உறுதியான குதிரைகள் வேண்டும். பூசாவில் அப்படிப்பட்ட குதிரைகள் போதவில்லை. பண்ணை சீர்கெட்டுக் கிடந்தது.

மூர்கிராப்ட் வேலையில் இறங்கினார். குதிரைகளின் தீனிக்காக ஓட்ஸ் பயிர் செய்தார்.

குதிரை வைத்தியம் நம் நாட்டுக்குப் புதிதல்ல. சாலிஹோத்திரர் பெயரால் வழங்கும் குதிரை மருத்துவ நூல் மிகப் பழமையானது. அவர் பெயரிலிருந்துதான் வடநாட்டில் குதிரை வைத்தியருக்குச் சலோத்ரி என்ற பெயர் வந்தது. பாண்டவர்களில் நகுலன் குதிரைக் கலையில் வல்லவன் என்று நம் வீட்டுக் குழந்தைகளுக்கும் தெரியும்.

நம் பக்கத்திலும் கும்பினி சும்மா இருக்கவில்லை. ஓசூரில் 1824-ல் ராணுவக் குதிரைகளுக்காகப் பண்ணை தொடங்கியது. அந்த இடம் பிற்காலத்தில் கால்நடைப் பண்ணையாக மாறியது.

சாமியார் வேஷம்

நல்ல இனக் குதிரை எங்கே கிடைக்கும்? மத்திய ஆசியாவில் புகாரா பக்கத்தில் கிடைக்கும் என்று மூர்கிராப்ட் நம்பினார். அந்த எண்ணம் அவரை விடவே இல்லை.

1812-ல் ஹியர்சே என்ற நண்பருடன் இமயமலையைக் கடந்தார். வெள்ளைக்காரர் என்று தெரிந்தால் திபெத்துக்குள் விடமாட்டார்கள். ஆகவே இருவரும் யாத்திரை போகும் சாமியார்களைப் போல் வேஷம் போட்டார்கள்! நீதிக் கணவாய் வழியாகப் போய், மானசரோவர் ஏரியைக் கண்டார்கள். திரும்பும் வழியில் நேபாளத்தாரிடம் பிடிபட்டு, பிறகு விடுதலை ஆனார்கள்.

ஆனால் எதிர்பார்த்த குதிரைகள் கிடைக்கவில்லை.

கடைசிப் பயணம்

1819-ல் மறுபடியும் புறப்பட்டார். இளைஞர் ஜார்ஜ் டிரெபெக் துணைக்கு வந்தார். 1820-ல் லாகூரில் மகாராஜா ரஞ்சித் சிங்கைச் சந்தித்தார். குதிரை என்றால் ரஞ்சித் சிங்குக்கு உயிர். குதிரை டாக்டருக்கு நல்ல மரியாதை கிடைத்தது.

அங்கிருந்து லடாக் போனார். லே நகரில் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் தங்க நேர்ந்தது. நோயாளிகள் அவரைத் தேடி வந்தார்கள். குதிரைக்கு வைத்தியம் பார்த்த கை, மனிதருக்குக் கண்புரை அறுவை செய்தது. பார்வை இழந்த ஏழைகள் பலர் அவரால் மீண்டும் பார்த்தார்கள்.

லடாக்குடன் அவராகவே ஒரு வியாபார ஒப்பந்தம் செய்தார். கும்பினி மேலதிகாரிகளுக்குக் கோபம் வந்தது. அந்த ஒப்பந்தத்தை ஏற்க மறுத்துவிட்டார்கள். குதிரை வாங்கப் போனவர் அரசியல் பேசலாமா என்பது அவர்கள் கட்சி. மூர்கிராப்ட் திரும்பவில்லை. காஷ்மீர், பெஷாவர், காபூல் என்று போய்க்கொண்டே இருந்தார். குண்டூஸ் தலைவன் முராத் பெக் அவரைப் பிடித்துவைத்துப் பணம் பறித்தான். அங்கிருந்தும் தப்பினார்.

1825-ம் ஆண்டு பிப்ரவரியில், புறப்பட்டு ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகு, புகாராவை அடைந்தார்.

ஐயோ! அவர் கனவு கண்ட பெரிய குதிரைச் சந்தை அங்கே இல்லை. உள்நாட்டுச் சண்டைகளால் குதிரை வரத்துக் குறைந்திருந்தது. கிடைத்த சில குதிரைகளை வாங்கிக்கொண்டு திரும்பினார்.

வழியில், இன்னும் சில நல்ல குதிரைகள் கிடைக்குமா என்று பார்க்க ஆந்த்கோய் என்ற ஊருக்குப் போனார். இன்று அது ஆப்கானிஸ்தானில் இருக்கிறது. அங்கே காய்ச்சல் கண்டது. 1825 ஆகஸ்ட் 27-ந் தேதி உயிர் பிரிந்தது. வயது 58. உடலைப் பால்க் நகரில் அடக்கம் செய்தார்கள். சில மாதங்களுக்குள் டிரெபெக்கும் காய்ச்சலுக்குப் பலியானார்.

மூர்கிராப்ட் எழுதி வைத்த குறிப்புகள் 1841-ல் புத்தகமாக வந்தன. பூசாவில் 1905-ல் விவசாய ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. 1934-ல் ஏற்பட்ட பூகம்பத்துக்குப் பிறகு அது டெல்லிக்குப் போயிற்று.

மூர்கிராப்டின் எஜமானர்கள் குதிரை கேட்டது போருக்காக. வேலூரில் நம்மவர்களை மிதித்தவையும் அத்தகைய குதிரைகளே. இதை மறப்பதற்கில்லை. ஆனால் குதிரையின் வலியைத் தீர்க்க அவர் தேடிய அறிவு, யார் வீட்டுக் குதிரைக்கும் பயன்படும். ஏழையின் கழுதைக்கும் பயன்படும்.

வீட்டில் குதிரையோ கழுதையோ உண்டா?

வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியவை சில உண்டு.

கட்டிப்போட்டுக் கீழே தள்ளி, குளம்பை வெட்டாதீர்கள். முதலில் கழுத்தைத் தடவுங்கள். மெல்லப் பேசுங்கள். கையைத் தோளிலிருந்து காலுக்கு இறக்குங்கள். பழகிவிட்டால், பிராணி தானாகவே காலைத் தூக்கித் தரும். அதிக நேரம் தூக்கி வைக்காமல், அவ்வப்போது இறக்கி விடுங்கள்.

தினமும் ஒரு முறை குளம்பின் அடியில் ஒட்டிய சாணத்தையும் கல்லையும் மழுங்கிய கருவியால் எடுங்கள். குதிகால் பக்கமிருந்து முன்பக்கமாக எடுக்கவேண்டும்.

நிற்கும் இடம் உலர்ந்திருக்கட்டும். ஈரத்திலும் மூத்திரத்திலும் நின்றால் குளம்பு அழுகும். நாற்றம் வீசும். கழுதை வறண்ட பூமியில் பிறந்த பிராணி. அதன் குளம்பு ஈரத்தைச் சீக்கிரம் உறிஞ்சும்.

ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு ஒரு முறை, பழக்கமுள்ளவரைக்கொண்டு குளம்பைச் சீர்செய்யுங்கள். ஒரேயடியாக ஆழமாக வெட்டக் கூடாது. அரம் போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக ராவவேண்டும். நடுவிலுள்ள மெத்தென்ற பகுதியைச் செதுக்கக் கூடாது. கழுதையின் குளம்பு குதிரையின் குளம்பைவிட ஒடுக்கமாகவும் நேராகவும் இருக்கும். அதைக் குதிரைக் குளம்பு போல் ஆக்க முயலவேண்டாம்.

லாடம் வேண்டுமா, வேண்டாமா? தார் ரோட்டில் பாரம் இழுக்கும் குதிரைக்கு லாடம் தேவைப்படலாம். மேய்ச்சலில் நிற்கும் குதிரைக்கும், பெரும்பாலான கழுதைகளுக்கும் தேவையில்லை. ஒழுங்காகச் சீர்செய்த வெறுங்குளம்பே போதும்.

குளம்பு சுடுகிறதா? காலை ஊன்ற மறுக்கிறதா? கைவைத்தியம் வேண்டாம். உடனே அரசு கால்நடை மருத்துவமனைக்குச் சொல்லி அனுப்புங்கள்.

ஒரு காலத்தில் வேலூர் வீதிகளில் ஜட்கா வண்டி ஓடியது. சலவைக்காரர் வீட்டு வாசலில் கழுதை நின்றது. இன்று அவை அரிதாகிவிட்டன. 2019-ல் எடுத்த கால்நடைக் கணக்கெடுப்பில் இந்தியா முழுவதும் சுமார் 1 லட்சத்து 20 ஆயிரம் கழுதைகளே இருந்தன. 2012-ல் இருந்ததில் பாதிகூட இல்லை.

மிஞ்சியிருப்பவை இன்னும் யாரோ ஓர் ஏழையின் பாரத்தைச் சுமந்துகொண்டுதான் இருக்கின்றன. அவற்றின் காலைத் தூக்கிப் பார்க்கத் தினமும் ஐந்து நிமிஷம் போதும்.