புனித தேவசகாயம் நடந்த வழியில்

வருகிற பொங்கல் லீவில் எங்க தெருவில் இருந்து ஒரு வேன் பிடித்து, புனித தேவசகாயம் வாழ்ந்த இடங்களுக்குத் திருயாத்திரை போகிறோம். எந்த இடத்தில் என்ன நடந்தது என்று தெரியாமல் போனால் அது வெறும் டூர்தான்னு எங்க ஆச்சி சொல்லிட்டாங்க. அதனால் நான் ஒரு 40 பக்க நோட்டில் ஊர், வருஷம் எல்லாம் எழுதி வருகிறேன். அதைத்தான் இங்கே சுருக்கித் தருகிறேன்.

முதலில் வழியிலேயே ஒரு சிக்கல் வந்தது. நம்ம பக்கம் இருந்து நாகர்கோவில் ரோட்டில் போனால் முதலில் வருவது ஆரல்வாய்மொழி. அது அவர் உயிர் விட்ட ஊர். பிறந்த ஊரான நட்டாலமோ மார்த்தாண்டம் பக்கம், கடைசியில் இருக்கிறது. வர்ற வரிசையிலே பார்த்துட்டுப் போனால் டீசல் மிச்சம்னு வேன்கார அண்ணன் சொன்னாங்க. ஆச்சி சம்மதிக்கலை. ஒரு மனுஷனை இறப்பில் இருந்தா தெரிஞ்சிக்கிறதுன்னு கேட்டாங்க. அதனால் ஆரல்வாய்மொழியில் நிறுத்தாமல் நேரே நட்டாலம் போய், அங்கிருந்து திரும்பி வருவது என்று முடிவாகிவிட்டது. வடக்கன்குளம் மட்டும் பக்கம் என்பதால் முந்தின நாளே டவுன் பஸ்ஸில் போய் வருவோம்.

நட்டாலம்

இங்கே 1712-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் நாள் அவர் பிறந்தார். அப்போது அவர் பெயர் நீலகண்டன். உயர்ந்த சாதி, வசதியான குடும்பம். அந்தக் காலத்தில் இந்தப் பகுதி திருவிதாங்கூர் ராஜ்யத்தில் இருந்தது.

பத்மநாபபுரம்

மார்த்தாண்ட வர்மா மகாராஜாவின் அரண்மனை இருக்கும் ஊர். நீலகண்டன் இங்கே அரண்மனை அதிகாரியாக வேலை பார்த்தார். பார்கவி அம்மாளைக் கல்யாணம் செய்தார். 1741-இல் குளச்சல் போரில் டச்சுக்காரர்கள் தோற்றார்கள். பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய் பிறகு மகாராஜாவின் படைக்கே பயிற்சி கொடுப்பவர் ஆனார். அவருடன் நீலகண்டன் நண்பர் ஆனார். ஆடு மாடு, சொத்து எல்லாம் போய் நீலகண்டன் மனசு உடைந்திருந்த நேரத்தில், எல்லாவற்றையும் இழந்தும் கடவுளை விடாத யோபுவின் கதையை டிலனாய் அவருக்குச் சொன்னாராம். டிலனாயின் கல்லறை பக்கத்தில் உள்ள உதயகிரிக் கோட்டையில் இன்றும் இருக்கிறது.

வடக்கன்குளம்

1745-ஆம் ஆண்டு மே 14-ஆம் நாள் இங்கே வந்து ஞானஸ்நானம் பெற்றார். லாசர் என்ற பெயர் தமிழில் தேவசகாயம் ஆனது. கடவுளின் உதவி என்று அர்த்தம். அவர் மனைவியும் ஞானஸ்நானம் பெற்று ஞானப்பூ ஆனார்.

அதன் பிறகு தேவசகாயம் சாதி பார்க்காமல் எல்லோருடனும் பழகினார், சேர்ந்து சாப்பிட்டார். அந்தக் காலத்தில் சில சாதிக்காரர்கள் தெருவில் நடக்கவே கூடாது என்று தடை இருந்ததை நாம் சமூக அறிவியலில் படித்திருக்கிறோம். அப்படிப்பட்ட நேரத்தில் ஓர் அரண்மனை அதிகாரி இப்படி நடந்தால் சும்மா விடுவார்களா?

புலியூர்க்குறிச்சி, பெருவிளை

1749-ஆம் ஆண்டு பிப்ரவரி 23-ஆம் நாள் அவரைக் கைது செய்தார்கள். அரசாங்கக் குற்றத்துக்காகத்தான் தண்டித்தார்கள் என்று எழுதுகிறவர்களும் உண்டு. மதம் மாறியதும் சாதியை விட்டதும்தான் காரணம் என்று திருச்சபை சொல்கிறது. எருமை மேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டு போனார்கள். உள்ளங்காலில் அடித்தார்கள். காயத்தில் மிளகாய்ப் பொடி தடவினார்கள். புலியூர்க்குறிச்சியில் தாகத்தால் தவித்து முழங்கையால் பாறையை இடிக்க, தண்ணீர் வந்ததாக மக்கள் நம்புகிறார்கள். அதற்கு முட்டிடிச்சான் பாறை என்று பெயர். பெருவிளையில் அவரை மரத்தில் கட்டி வைத்திருந்தார்கள். அங்கேயும் ஜனங்கள் அவரைத் தேடி வந்தார்களாம். கிட்டத்தட்ட மூன்று வருஷம் இப்படியே போனது. பழைய மதத்துக்குத் திரும்பியிருந்தால் பதவியும் வீடும் திரும்பக் கிடைத்திருக்கும். அவர் திரும்பவில்லை.

காற்றாடிமலை, கோட்டாறு

1752-ஆம் ஆண்டு ஜனவரி 14-ஆம் நாள் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அப்போது அவருக்கு வயது 39. உடலைப் புதைக்காமல் காட்டில் போட்டுவிட்டார்கள். பிறகு ஜனங்கள் எலும்புகளைச் சேர்த்து எடுத்து வந்து, கோட்டாறு சவேரியார் கோயிலில் அடக்கம் செய்தார்கள். எங்கள் யாத்திரை அங்கேதான் முடியும். அவர் மனைவி ஞானப்பூ வடக்கன்குளத்தில் வந்து வாழ்ந்து அங்கேயே இறந்தார். எல்லோரும் அவரைப் பற்றியே பேசுகிறார்கள், தனியாக நின்ற அந்த அம்மாவைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. அதனால் வடக்கன்குளத்தில் ஞானப்பூவுக்கு என்று ஒரு மெழுகுதிரி தனியாக ஏற்றணும்னு நான் ஆச்சியிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

2012-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள் நாகர்கோவிலில் அவருக்கு அருளாளர் பட்டம் கொடுத்தார்கள். 2022-ஆம் ஆண்டு மே 15-ஆம் நாள் ரோமில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதர் என்று அறிவித்தார். இந்தியாவில் குருவானவராகவோ துறவியாகவோ இல்லாமல், குடும்பமாக வாழ்ந்து புனிதர் ஆனவர் இவர்தான் முதல்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. முதலில் தேவசகாயம் பிள்ளை என்றுதான் எழுதி வந்தார்கள். சாதியை விட்டவருக்குச் சாதிப் பட்டம் எதற்கு என்று பலர் கேட்டார்கள். ரோமில் அதை ஏற்று, தேவசகாயம் என்று மட்டும் சொல்லிப் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். அவர் இறந்து 270 வருஷம் கழித்துத்தான் இது நடந்தது.

இன்னொரு விஷயமும் நோட்டில் எழுதியிருக்கிறேன். அவர் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தில், பின்னால் 1872-இல் கட்டிய கோயிலுக்குள் சாதி பிரித்து உட்கார நடுவில் ஒரு சுவர் இருந்தது. 1910-இல்தான் அதை இடித்தார்கள். அந்தச் சுவர் இருந்த இடத்தையும் பார்க்கணும்.

புளிச்சோறும் தண்ணீர் கேனும் பெரியவர்கள் பொறுப்பு. வேனில் ஒவ்வொரு ஊர் வரும்போதும் நோட்டைப் பார்த்து வாசிப்பது என் பொறுப்பு. புதிதாக யாரையாவது பார்த்தால் பெயரைக் கேட்ட கையோடு, நீ எந்தத் தெரு என்று கேட்கிற பழக்கம் நம்ம ஊரில் இன்னும் போகவில்லை. தோழர் தோழிகளே, நாம் பெயரைக் கேட்பதோடு நிறுத்திக் கொள்வோம்.



9-ஆம் வகுப்பு மாணவி