மாடுகளை வரைந்த பரதேசி

திமிலையும் கொம்பையும் கண்டே மாட்டின் குணம் சொல்லிவிடும் கொங்கு நாட்டார்க்கு ஜார்ஜ் சின்னரியை அறிமுகம் செய்தல் எளிது. சிதைந்த சுவர், கூரை சரிந்த குடிசை, ஓங்கிய மரம், அதன் நிழலில் அசைபோடும் மாடுகள். புனைவியல் ஓவியரான அவர் மீண்டும் மீண்டும் தீட்டியவை இவையே.

1774ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 5ஆம் நாள் இலண்டனில் பிறந்த சின்னரி, ஓவியர் டர்னர் பயின்ற இராயல் அகாதெமியிலேயே பயின்றார். டப்ளின் நகரில் மணம்புரிந்து, இரு மக்களைப் பெற்றபின், குடும்பத்தை விட்டு 1802இல் தனியே சென்னைக்கு வந்தார். கொங்கு நாடு கம்பெனியார் கைக்குப் போய் அப்போது மூன்றாண்டுகளே ஆகியிருந்தன. ஐதராபாத்து ரெசிடெண்டு கர்க்பாட்ரிக்கின் மக்கள் இருவரை அவர் சென்னையில் வண்ணத்தில் எழுதிய அதே 1805இல்தான், தீரன் சின்னமலை சங்ககிரியில் தூக்கிலிடப்பட்டார். சின்னரியின் நாட்டுப்புறக் காட்சிகளில் அப்புயலின் சுவடே இல்லை. அந்த மாட்டுக்குப் பின்னே வரி கட்டி நொந்த உழவன் ஒருவன் நிற்கிறான் என்பதை நாம்தான் நினைத்துக்கொள்ள வேண்டும். இது குறைதான், மறைப்பதற்கில்லை.

1807இல் வங்கம் சென்றார். டாக்காவில் சார்லஸ் டாய்லிக்கு ஓவியம் கற்பித்தார். கல்கத்தாவில் செல்வர்களின் உருவப்படங்களை எழுதிப் பெரும்பொருள் ஈட்டினார். ஈட்டியதினும் மிகுதியாகக் கடன்பட்டார். பதினாறு ஆண்டுகள் கழித்து, 1818இல், மனைவி வந்து சேர்ந்தார். 1822இல் மகன் இறந்தான். கடன்காரர்க்கு அஞ்சி, டென்மார்க்கு நாட்டினர் ஆண்ட சீராம்பூரில் ஒதுங்கிய சின்னரி, 1825இல் மனைவியை மீண்டும் விட்டுவிட்டு மக்காவுக்குக் கப்பலேறினார்.

உருவப்படங்கள் அவருக்குச் சோறிட்டன. மாடுகளோ, எவரும் கேளாமல் அவர் தமக்கென வரைந்தவை. படுத்திருக்கும் எருதின் முதுகெலும்பு, திரும்பிய கழுத்தின் மடிப்பு, ஈயை விரட்டும் வால் எனத் தாள் தாளாக வரைந்து, ஓரத்தில் சுருக்கெழுத்தில் குறிப்பெழுதி வைப்பார். திருத்த வேண்டியதையும் அதிலேயே குறிப்பார். மனைவிக்கும் கடன் கொடுத்தவர்க்கும் காட்டாத நேர்மையை ஒரு மாட்டின் காலுக்குக் காட்டிய மனிதர்!

1852ஆம் ஆண்டு மே 30ஆம் நாள் மக்காவில் இறக்கும்வரை தாயகம் திரும்பவில்லை. சீனக் கடற்கரையில் வாழ்ந்த அந்த 27 ஆண்டுகளிலும், மீனவர்க்கும் படகுகளுக்கும் இடையே, வங்கத்துக் குடிசைகளையும் மாடுகளையும் நினைவிலிருந்து எடுத்துத் தீட்டிக்கொண்டே இருந்தார்.