தோட்டத் தொழிலாளர் துணைவர் கோ. நடேசையர்

மழை பொய்த்த ஆண்டுகளில் மதுரை, இராமநாதபுரம், திருச்சிராப்பள்ளி ஜில்லாக்களின் ஏழைக் குடியானவர் பலர் கங்காணியின் சொல்லை நம்பிக் கண்டிச்சீமைக்குப் புறப்பட்டனர். காளவாசலைச் சுற்றியுள்ள நம் சங்கத்துக் குடும்பங்களிலும் அவ்வாறு சென்றாருண்டு. மண்டபம் முகாமில் தங்கி, தனுஷ்கோடியிற் கப்பலேறித் தேயிலைத் தோட்டங்களை அடைந்த அம்மக்களுக்காக உழைத்த ஸ்ரீமான் கோ. நடேசையரின் சரிதத்தை இம்மாதம் எழுதத் துணிந்தோம். ஐயர் நம் வகுப்பினரல்லர்; அவரால் உதவி பெற்றோருள் நம்மவரும் உளர்.

1887ல் பிறந்த ஐயர் தஞ்சாவூரில் வாணிபக் கல்வி கற்பித்த ஆசிரியர். வர்த்தகமித்திரன் என்னும் பத்திரிகையும் நடத்தினார். இலங்கைத் தோட்டங்களுள் துரைமாரின் அனுமதியின்றி அயலார் நுழைதல் அரிதாதலின், அவர் துணி விற்பவர்போல் வேடம் பூண்டு உட்சென்று லயங்களைக் கண்டார் என்பர்.

கணக்கறிந்த அவருக்குக் கடனின் சூழ்ச்சி எளிதில் விளங்கியிருக்கும். வழிச்செலவுக்கெனக் கங்காணி கொடுத்த முன்பணம் தொழிலாளியின் பெயரிற் கடனாய் ஏறும். தோட்டம் மாற விரும்பினால் ‘துண்டு’ வேண்டும். கடன்தொகை எழுதப்பெற்ற அச்சீட்டைப் புதிய தோட்டத்தார் பணங்கொடுத்து ஏற்றாலன்றி விடுதலையில்லை. சந்தையில் மாடு கைமாறுவதுபோற் குடும்பங்கள் கைமாறின. கணக்கோ கங்காணியின் கையில். எழுத்தறியாதவன் எங்ஙனம் வினவுவான்?

1921ல் துண்டுமுறை சட்டத்தால் ஒழிந்தது. அவ்வாண்டிலேயே ஐயர் தேசநேசன் பத்திரிகையைத் தொடங்கினார். சட்டம் ஏட்டிற் கிடந்தாற் போதாது, கூலியாளின் காதில் விழவேண்டும் என்பது அவர் கொள்கை. ஆகவே துண்டுப் பிரசுரங்கள் வெளியிட்டார், கூட்டங்களிற் பேசினார். அவர் மனைவியார் மீனாட்சியம்மையார் தொழிலாளர் துயரைப் பாட்டாகவே பாடினார். அக்காலத்தில் ஒரு பெண்மணி மேடையேறிப் பாடுதல் சிறிய காரியமன்று.

1927ல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் பிறந்தது. 1929ல் மலைநாட்டில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதமும் பெண்ணுக்கு 43 சதமும் நிருணயமாயின. தேயிலை விலை வீழ்ந்ததும் அதனையும் குறைத்தனர்; ஐயர் எதிர்த்து நின்றார். 1931ல் ஹட்டனில் தோட்டத் தொழிலாளர்க்கெனச் சங்கம் நிறுவினார். 1936ல் அத்தொகுதியினின்றே அரசாங்க சபைக்குத் தெரிவானார்.

உடனுழைத்தாரோடு அவர் ஒத்துப்போனதில்லை, குணசிங்காவைப் பிரிந்தார், 1939ல் தோன்றிய இலங்கை இந்தியர் காங்கிரசின் வளர்ச்சியில் அவர் சங்கம் மங்கியது. அதனை மறைத்தல் முறையன்று.

1947ல் ஐயர் காலமானார். மறு ஆண்டே வந்த பிரஜாவுரிமைச் சட்டம், அவர் யாருக்காக வாதாடினாரோ அம்மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964ல் இரு அரசுகளும் செய்த ஒப்பந்தப்படி இலட்சக்கணக்கானோர் தாயகம் திரும்பினர். அவர்தம் பாட்டனார் கப்பலேறப் போன அதே மண்டபம் முகாமே அவர்களிற் பலரை வரவேற்றது.